தத்துப் பிள்ளையின் துக்கம்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

நானும் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவள்தான். பல ஆண்டுகளாக மனநல ஆலோசகராகத் தத்துப் பிள்ளைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசி வருகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து பதில் எழுதுகிறேன்.

பிறந்த ஐந்தாம் நாளே மகள் எங்களிடம் வந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றுமே நினைவிருக்காதே, காயம் எப்படி இருக்கும்?

கதையாகச் சொல்லக்கூடிய நினைவு இருக்காது, உண்மைதான். ஆனால் பிறந்து 3 நாள்கூட ஆகாத குழந்தைகள், தாயின் குரலைக் கேட்பதற்காகவே சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டதை 1980இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழகிய குரல் திடீரென்று நின்றுபோனால் உடம்புக்கு அது தெரியும்.

இதை வைத்து அவள் வாழ்நாள் முழுக்க உடைந்துபோனவள் என்று நினைத்துவிடாதீர்கள். கவனிக்க ஆளில்லாமல் குழந்தைகள் வாடிய ருமேனியாவின் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்தவர்களை, மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவ்வளவு கொடுமையான இடத்தில் இருந்தும்கூட, 6 மாதத்துக்குள் வெளியே வந்தவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே தேறினார்கள். அதற்குமேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குத்தான் சிக்கல்கள் நீடித்தன. சீக்கிரம் கிடைத்த அன்பு வீண்போவதில்லை.

நீங்கள் காத்திருக்க வேண்டியது இன்னொரு கட்டத்துக்கு. நான்கு வயதில் 'நான் தத்துப் பிள்ளை' என்று சந்தோஷமாக எல்லாரிடமும் சொல்வாள். ஆறேழு வயதில் கணக்கு புரியும்: ஒருவர் என்னை எடுத்துக்கொண்டார் என்றால், அதற்கு முன் ஒருவர் என்னைக் கொடுத்திருக்க வேண்டும். டேவிட் பிராட்ஸின்ஸ்கி என்ற உளவியலாளர் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த வயதில் பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டாலோ, காரணமில்லாமல் சிடுசிடுத்தாலோ, பள்ளியில் மட்டும் காரணத்தைத் தேடாதீர்கள்.

எப்போது சொல்ல வேண்டும்?

பேச்சு புரிவதற்கு முன்பிருந்தே. 'இந்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது' என்று ஒரு நாள் அவர்கள் நினைவில் இருக்கக் கூடாது.

9 வயது மகன் கோபம் வந்தால் 'நீ என் அம்மா இல்லை' என்கிறான். உள்ளே போய் அழுதுவிட்டு வருகிறேன்.

அழுங்கள் அம்மா, அது உங்களைக் குத்துவதற்கென்றே சொன்ன வார்த்தை. ஆனால் அதற்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது: ஒருமுறை என்னைக் கொடுத்துவிட்டார்கள், நான் இவ்வளவு மோசமாக நடந்தால் இவளும் கொடுத்துவிடுவாளா? அதைத்தான் அவன் சோதித்துப் பார்க்கிறான். அதனால் 'நான் பெறவில்லை என்றாலும் எவ்வளவு செய்தேன்' என்று கணக்கு சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட 'திருப்பி அனுப்பிடுவேன்' என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. 'நீ கோபமா இருக்கேன்னு தெரியுது. பெத்த அம்மா நினைப்பு வந்துச்சா? நான் எங்கேயும் போகமாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். அதட்ட வேண்டியதை அப்புறம் அதட்டலாம்.

என் கதை ஒன்று. சின்ன வயதில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அழுவேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பத்தாவது பிறந்தநாளில் அம்மா விளக்கை அணைத்துவிட்டு என் அருகில் படுத்துக்கொண்டு, 'இன்னைக்கு அவங்களும் உன்னை நினைச்சிட்டுதான் இருப்பாங்க' என்றார். தன் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னொருத்திக்கும் அவர் இடம் கொடுத்தார். அன்றைக்குப் பிறகுதான் என் துக்கத்தை அம்மாவிடமிருந்து ஒளிக்காமல் இருந்தேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தத்தெடுப்பதற்கு முன் வருடக்கணக்கில் குழந்தைக்காகக் காத்திருந்தீர்களா? அந்த வலியை யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா? பேசாமல் விட்டிருந்தால், மகனின் அந்த வார்த்தை அங்கேதான் போய்த் தைக்கும். அதற்கு மருந்து அவனிடம் இல்லை. உங்களுக்கென்று தனியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

31 வயதில், அப்பா இறந்தபிறகு ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் நான் தத்துப் பிள்ளை என்று தெரிந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. தம்பி, தத்து வந்தது ஒரு விஷயம், ஊருக்கே தெரிந்தது உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது வேறு விஷயம். பழைய நினைவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும், அது களைப்பான வேலை. பிள்ளை விலகிவிடுமோ என்ற பயத்தில்தான் பெரும்பாலும் மறைக்கிறார்கள். அது ஒரு காரணம், அதனால் செய்தது சரி என்று ஆகிவிடாது. இந்தத் தேதிக்குள் மன்னிக்க வேண்டும் என்று யாரும் உங்களை நெருக்க விடாதீர்கள். அப்பாவுக்காக அழுவதும் அவர்மேல் கோபப்படுவதும் ஒரே நாளில் நடக்கும், இரண்டும் இருக்கட்டும்.

கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, அம்மாவிடம் ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள். மருத்துவரிடம் 'இதுவரை சொன்ன குடும்ப நோய் விவரம் என்னுடையது இல்லை' என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெற்றவர்களைத் தேட ஆசை. 'வளர்த்தவர்களுக்கு நன்றி வேண்டாமா' என்கிறார்கள். இது துரோகமா, அக்கா?

இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவரை இழப்பதற்கு, 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரை 1970களில் பாலின் பாஸ் என்ற குடும்ப ஆய்வாளர் வைத்தார். செய்தி வராததால் அந்தத் துக்கம் முடியவும் முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். அதை முடிக்கப் பார்ப்பதை நன்றிகெட்டதனம் என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அடையாளத்தைக் காக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஐநாவின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறது.

தேடும்முன் மூன்று முடிவுகளுக்கும் மனதைத் தயார் செய்யுங்கள்: கதவு திறக்கலாம், சாத்தப்படலாம், அவர் இறந்திருக்கலாம். முதல் செய்தி அனுப்பும் அன்று தனியாக இருக்காதீர்கள்.

15 வயது மகள் கையைக் கீறிக்கொள்கிறாள். இதற்கும் தத்துக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். அதை ஆராய்வதற்கு முன் இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தத்துப் பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சி மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகப் பதிவானது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை என்பதும் அதே ஆய்வில் உள்ளதுதான். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தத்து விவரத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

22 வருடம் முன் என் குழந்தையைக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவளுக்கு அழ உரிமை உண்டா?

உண்டு அம்மா. கொடுத்த பல பெண்களுக்கு வேறு வழியே விடப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் பல ஆயிரம் தாய்மார்களிடமிருந்து குழந்தைகள் கட்டாயத் தத்தில் பிரிக்கப்பட்டார்கள். அதற்காகப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச் 21 அன்று நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தச் சூழலில் கொடுத்தீர்கள், என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டீர்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். தத்து கொடுத்த அமைப்பிடம் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும். என் கோப்பில் அப்படி ஒரு தாள் இருக்குமா என்றுதான் நான் முதலில் தேடினேன்.