பக்கத்து மேசையோடு பேச்சில்லை

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவரும் நானும் பல வருடமாக ஒரே கிளை. அவர் முஸ்லிம். பெருநாளுக்கு அவர் வட்டிலாப்பம் கொண்டுவருவார், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் புக்கை அவருக்குப் போகும். 2024 நவம்பர் வெள்ளத்தில் உலர் உணவுப் பட்டியலில் சில குடும்பங்கள் விடுபட்டுவிட்டன. பாதை மூழ்கியதால் கிராம சேவகர் விபரங்களை இரவில்தான் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினார். அது தெரியாமல், பக்கத்து மேசைக்காரர் "லிஸ்ட் அவட கையாலதான் பிந்தினது" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கதைப்பதில்லை. கோப்புகளைக்கூட கே.கே.எஸ். (அலுவலக உதவியாளர்) தம்பியிடம் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். "அவங்க எப்பவும் இப்படித்தான்" என்கிறார்கள் மற்றவர்கள். முறைப்பாடு எழுதுவதா, இடமாற்றம் கேட்பதா?

ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் அவரோடு நேரே கதையுங்கள்.

உங்கள் கடிதத்தில் உங்கள் பக்கத்து நியாயம் தெளிவாக இருக்கிறது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா? கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, எத்தனை தடவை போன் எடுத்து எண்ணிக்கை கேட்டார்கள், விடுபட்ட குடும்பங்கள் யாருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்று சத்தம் போட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. இரவில் வந்த வாட்ஸ்அப் படம் அவருக்கும் தெரியாது. நாம் பிந்தினால் வெள்ளம் காரணம், மற்றவர் பிந்தினால் அவருடைய குணம் காரணம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் இதை மனிதர்கள் விடும் அடிப்படையான பிழை என்றே எழுதினார். நீங்கள் இருவரும் அந்தப் பிழையைத்தான் ஒருவர் மேல் ஒருவர் விட்டிருக்கிறீர்கள்.

என்னை உண்மையில் பதற வைத்தது வேறு. "அவங்க எப்பவும் இப்படித்தான்." தயவுசெய்து அந்தக் கதைக்குத் தலையாட்ட வேண்டாம். அப்படிச் சொல்கிறவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைக்கிறார், தெரியும். ஆனால் இந்த மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று சந்தேகித்து எவ்வளவு இழந்தன என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பட்டியல் பிந்தியது ஒரு கிளையின் பிரச்சினை. அதை இரண்டு சமூகத்தின் கணக்கில் எழுதிவிட்டால் பிறகு உங்களாலும் தீர்க்க முடியாது, பிரதேச செயலாளராலும் முடியாது. அவருடைய மேசையைச் சுற்றியும் யாராவது இதே ஆறுதலைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

எப்படித் தொடங்குவது? பொதுமக்கள் தினத்தில் வேண்டாம், அன்று தண்ணீர் குடிக்கவும் நேரமிராது. வாட்ஸ்அப்பில் எழுதவே வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருவரும் தனியாக இருக்கும்போது, "அண்டைக்குக் கூட்டத்தில நீங்க சொன்னது எனக்குச் சரியான கவலை. எனக்கு விபரம் வந்ததே ராத்திரி. உங்கட பக்கம் என்ன நடந்த?" என்று கேளுங்கள். கேட்டபின் அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அதுதான் கஷ்டம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபைகள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் கதைக்க விட்டு, அவர்களே ஒரு இணக்கத்துக்கு வர உதவுகின்றன. அலுவலகச் சண்டைக்குச் சபை தேவையில்லை, அந்த முறை போதும்.

மேரி பார்க்கர் ஃபொலட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925இல் ஆற்றிய உரையொன்றில் ஒரு நூலக அறையைப் பற்றிச் சொன்னார். ஒருவருக்கு யன்னல் திறந்திருக்க வேண்டும், இவருக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறை யன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்குத் தேவைப்பட்டது காற்று. இவருக்கு வேண்டியதெல்லாம் வாடைக்காற்று நேரே மேலில் படாமல் இருப்பது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, இருவருக்கும் கிடைத்தது. உங்கள் இருவருக்கும் வேண்டியது என்ன? ஒரு குடும்பமும் விடுபடக் கூடாது, ஆர் முன்னாலும் தலைகுனியக் கூடாது. அப்படியானால் பட்டியல் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்குப் போகும் நேரத்தை எழுதிக் கையொப்பமிட ஒரு பதிவேடு வையுங்கள். விபரம் எப்போது, எப்படி வந்தது என்பதையும் அதிலேயே எழுதலாம். அடுத்த மாரியில் பட்டியல் எங்கே நின்றது என்று யாரும் ஊகிக்க வேண்டியிராது.

கூட்டத்தில் பட்ட அவமானத்தை விழுங்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும். உண்மை தெரிந்தபின், அடுத்த கிளைக் கூட்டத்தில் அதை அவரே ஒரு வார்த்தை சொல்லும்படி கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பொய்ப் பெயருக்குக் கையெழுத்துக் கேட்பது, பாலியல் தொந்தரவு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது போன்றவை நடந்திருந்தால் சமாதானம் பேசுங்கள் என்றே எழுதியிருக்கமாட்டேன், உடனே முறைப்பாடு எழுதச் சொல்லியிருப்பேன். உங்களுடையது அதுவல்ல.

அவர் கதைக்க மறுத்தால் நிர்வாக உத்தியோகத்தரிடம் போங்கள். ஆனால் போவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், முடிந்தால் இருவருமாகவே போங்கள். இடமாற்றத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அன்புடன்,
அக்கா