இசைக்குறிப்பு மென்பொருளில் மௌத் ஆர்கன் துளை எண்களைத் தானாக வரவைக்க முடியுமா?

முடியும். மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் மெட்டை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு சுரத்துக்குக் கீழும் துளை எண்ணைக் கையால் தட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிரல் எழுதத் தெரியும் என்றும் சொல்கிறீர்கள். அது போதும். ஆனால் எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "ஒரு அட்டவணை போட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்கிறார். அதைப் படித்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். அட்டவணை பத்து நிமிடம்தான். அதை வைத்து ஒருவர் மூச்சுத் திணறாமல் வாசிக்கும் தாளை அச்சிட எனக்கு எட்டு மாதம் ஆனது.

அப்பாவுக்காகச் செய்தேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. எண் போட்டுத்தான் வாசிப்பார். நாற்பது பாட்டுக்கு மேல் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மழையில் அலமாரி ஒழுகி அந்த நோட்டு பாழானது. அதே சமயத்தில் கண்புரை அறுவை சிகிச்சையும் நடந்தது. பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் புதிதாக அச்சிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் இருப்பது பத்துத் துளை ஹார்மோனிக்கா (மௌத் ஆர்கன்தான்), சி சுருதி, அதாவது நம் கணக்கில் ஒன்றாம் கட்டை என்று வைத்துக்கொள்கிறேன். அதில் காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் 20 உலோக நாக்குகள். ஊதினால் வருவது ச, க, ப என்ற மூன்று சுரங்கள் மட்டும், திரும்பத் திரும்ப. மற்ற சுரங்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். 4 முதல் 7 வரையிலான துளைகளில் ச ரி க ம ப த நி ச முழுதாகக் கிடைக்கும்: 4, -4, 5, -5, 6, -6, -7, 7. கழித்தல் குறி இருந்தால் இழுப்பு. கடைசி இரண்டைக் கவனியுங்கள். அதுவரை ஊதல் முதலில், இழுப்பு அடுத்து என்று போய்க்கொண்டிருந்தது ஏழாம் துளையில் தலைகீழாகிறது. கீழே 1 முதல் 3 வரை ம-வும் த-வும் கிடையாது. நம் நாக்கையும் வாயையும் அமைத்துச் சுரத்தை வளைத்துத்தான், அதாவது பெண்ட் செய்துதான், அவற்றைக் கொண்டுவர வேண்டும். ம என்றால் -2'', த என்றால் -3''. ஒரு கோடு அரைச் சுரம் இறக்கம், இரண்டு கோடு ஒரு முழுச் சுரம்.

மிடி எண்ணில், அதாவது கணினியில் ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் வரிசையாக இருக்கும் எண்ணில், 60 தான் 1-ஆம் துளை ஊதல், 96 தான் 10-ஆம் துளை ஊதல். இவ்விரண்டையும் சேர்த்து 37 அரைச் சுரங்கள். நேராக வருபவை 19. வளைத்தால் இன்னும் 12. மீதி 6 சுரங்கள் ஓவர்ப்ளோ, ஓவர்ட்ரா என்ற கடினமான ஊதல், இழுப்பு உத்திகள் தெரிந்தவர்களுக்குத்தான். இவ்வளவுதான் அட்டவணை. வேறு கட்டை ஹார்மோனிக்கா என்றால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும்: டி-க்கு இரண்டு கூட்டல், ஏ-க்கு மூன்று கழித்தல், ஜி-க்கு ஐந்து கழித்தல்.

இதில் நான் செய்த முதல் தவறு, அட்டவணையைச் சுரத்தின் பெயரை வைத்துப் போட்டது. எஃப் ஷார்ப்புக்கு எண் வந்தது, ஜி ஃப்ளாட் என்று எழுதிய இடமெல்லாம் காலியாக இருந்தது. ஒலி ஒன்றுதான், பெயர்தான் வேறு. எனவே அரைச் சுர எண்ணிக்கையை வைத்துத் தேடுங்கள். இரண்டாவது தவறு, பாட்டின் சுருதிக் குறியைப் பார்த்து ஹார்மோனிக்காவின் கட்டையை நிரலே முடிவு செய்யும்படி எழுதியது. ஜி சுருதிப் பாட்டை சி ஹார்மோனிக்காவில் வாசிப்பது மிகச் சாதாரணம், ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கருவி எந்தக் கட்டை என்பதை வாசிப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நான் லில்லிபாண்டில் செய்தேன், இசையை எழுத்துக் கோப்பாகத் தட்டிக் கொடுத்தால் தாளாக அச்சிடும் மென்பொருள் அது. மியூஸ்ஸ்கோரை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்வது பிடிக்கும், அப்பாவுக்கு எண்ணைப் பெரிதாக்க ஒரு வரி மாற்றினால் நாற்பது பாட்டும் மாறிவிடும். மியூஸ்ஸ்கோரில் ஹார்மோனிக்கா எண் போடும் செருகுநிரல் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் பதிப்புக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லில்லிபாண்டில் டேப் வசதி, அதாவது எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் முறை, கிட்டார் போன்ற தந்தி வாத்தியங்களுக்கு அருமையாக இருக்கிறது. யாழ் மாதிரியான ஹார்ப்பின் பெடல் படம் போடலாம், அக்கார்டியனின் ரெஜிஸ்டர் குறிகள் போடலாம். அக்கார்டியனைப் போலவே உலோக நாக்கில் பாடும் மௌத் ஆர்கனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. எத்தனை வீடுகளில் இருக்கும் கருவி! இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அதனால் லில்லிபாண்ட் ஏற்கும் ஸ்கீம் என்ற நிரல் மொழியில் நாமே எழுத வேண்டும். அச்சாகும் நேரத்தில் ஒவ்வொரு சுரமாகப் பிடித்து எண் போடும் எங்ரேவர் என்ற நிரல் துண்டு எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். சுரத்தைப் பார்த்து எண் போடும், அவ்வளவுதான். அடுத்து என்ன சுரம் வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. அடுத்த சுரம் தெரிந்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், நான் எழுத வந்ததே அதற்காகத்தான்.

நேராக வரும் சுரங்களில் ஒன்று மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது. கீழ் ப. 3-ஐ ஊதினாலும் வரும், 2-ஐ இழுத்தாலும் வரும். முதல் பதிப்பில் எப்போதும் 3 என்று வைத்தேன். அப்பா நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். "வெட்டி வெட்டிப் போகுதும்மா" என்றார். எடுத்துப் பார்த்தால் -3, 3, -3, -4 என்று இருந்தது. இழு, ஊது, இழு, இழு. அங்கே -2 போட்டால் நான்கும் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போகும். சரி, முன்னும் பின்னும் இழுப்பு என்றால் -2, இல்லையென்றால் 3 என்று மாற்றினேன். 1, 2, 3, 2, 1 மாதிரி இடங்கள் கெடாமல் இருந்தன, இழுப்புத் தொடர்களும் சரியாயின. ரொம்பப் பெருமையாக அடுத்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த முறை பாட்டின் பாதியில் நிறுத்தினார். "மூச்சு முட்டுதும்மா. உள்ளேயே நிக்குது, வெளிய விட எடமே இல்ல" என்றார். எண் ஒன்றும் தவறில்லை. ஆனால் இரண்டு வரி முழுக்க இழுப்பு. புல்லாங்குழலில் மூச்சு தீர்ந்துபோகும், இதில் நிறைந்துபோகும். அப்பா தன் பழைய நோட்டில் என்ன செய்திருந்தார் என்று, ஒட்டிப்போன தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். அதே பாட்டில், வரி முடிவில் நீளமாக நிற்கும் ப-வுக்கு மட்டும் 3 என்று எழுதியிருந்தார். அந்த நீளத்தில் மூச்சைக் காலி செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முப்பது வருடம் வாசித்ததில் கை கண்டது.

எனவே மூன்றாவது பதிப்பில் மூச்சுக்கு ஒரு கணக்கு வைத்தேன். இழுத்தால் அந்தச் சுரத்தின் நீளம் அளவுக்குக் கூடும், ஊதினால் குறையும், மௌனம் வந்தால் பூஜ்யம். கணக்கு ஒரு அளவைத் தாண்டியிருக்கும்போது நீளமான ப வந்தால் 3. குட்டியான ப வந்தால் அக்கம்பக்கம் பார்த்து முடிவு. அந்த அளவு என்ன என்பது ஆளைப் பொறுத்தது. அப்பாவுக்கு ஒரு எண், எனக்கு வேறு எண். அதையும் கோப்பின் தலையில் ஒரு வரியாக வைத்துவிட்டேன்.

இதைச் செய்ய மெட்டு முழுவதையும் முதலில் ஒரு பட்டியலாக எடுத்துவிட வேண்டும். லில்லிபாண்டில் இசைச் சார்பு ஒன்று, அதாவது மெட்டை வாங்கி மாற்றித் தரும் சிறு நிரல், எழுதி, மெட்டை அதற்குள் கொடுங்கள். ஒரு கண்ணி இருக்கிறது: சார்பை, முந்தைய சுரத்தை வைத்து ஸ்தாயியை முடிவு செய்யும் ரிலேட்டிவ் கட்டளைக்கு வெளியே போட வேண்டும். உள்ளே போட்டால் ஸ்தாயி இன்னும் முடிவாகாத சுரங்கள்தான் கைக்கு வரும், எண்களெல்லாம் தாறுமாறாகிவிடும். மியூஸ்ஸ்கோர் செருகுநிரலிலும் இதே வழிதான். ஒருமுறை முழுதும் நடந்து சுரங்களைச் சேகரித்து, முடிவு செய்து, பிறகு எழுதுங்கள். இரண்டிலும், டை, அதாவது ஒரே சுரத்தை நீட்டும் வளைகோடு, போட்டுக் கட்டிய சுரத்தின் இரண்டாம் பாதிக்கு எண் போடாதீர்கள். போட்டால் வாசிப்பவர் அங்கே மறுபடி ஊதுவார்.

எண்களைப் பாடல் வரி போல் கீழே வைத்தால் ஒன்றோடொன்று மோதாமல் இடம் விட்டு அச்சாகும். -3'' மாதிரி அகலமான குறிகளுக்கு இது முக்கியம். ஆனால் லில்லிபாண்டில் ஸ்லர் (வெவ்வேறு சுரங்களை இணைக்கும் வளைகோடு) போட்ட சுரங்களை ஒரே அசையின் இழுப்பாக எடுத்துக்கொண்டு எண்ணைத் தாண்டிவிடும், அந்தப் பழக்கத்தை அணைத்துவைக்க ஒரு அமைப்பு இருக்கிறது. சுரத்தின் மேல் உரையாக வைப்பதானால் உரையின் அகலத்தையும் கணக்கில் எடுக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அம்புக்குறியா கழித்தல் குறியா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்குச் சின்ன அம்பு தெரியவில்லை, கழித்தல் தெரிந்தது. அது அவரவர் கண்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் புது சி ஹார்மோனிக்கா வாங்கினேன். -5 வரும் இடமெல்லாம் அபசுரமாகக் கேட்டது. என் அட்டவணைதான் தவறு என்று இரண்டு இரவு நிரலைக் குடைந்தேன். பிறகுதான் கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துப் பார்த்தேன். எஃப்பாக இருக்க வேண்டியது எஃப்புக்கும் ஈ-க்கும் நட்டநடுவில் நின்றது. சில வகைகளில் 5 இழுப்பைக் கொஞ்சம் தாழ்த்தியே சுருதி கூட்டுவார்கள், தெரியும், அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அது இவ்வளவு தாழாது. கடைக்கு எடுத்துப் போனால், வாயில் வைத்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். வாங்கும்போது ஊதிப் பார்க்கவும் விடவில்லை. காற்றுத் துருத்தி ஒன்று வைத்திருந்தால் எல்லா நாக்கையும் ஒரு நிமிடத்தில் சோதித்துக் காட்டலாம். அதுவும் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்குபவர் எப்படித்தான் வாங்குவது? கடைசியில் அப்பாவே மூடியைக் கழற்றி, நாக்கின் அடியில் மெல்லிய தகடு கொடுத்து, நுனியில் லேசாகச் சுரண்டிச் சுருதியை ஏற்றினார். நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஃபிட்டர் கை என்பதால் ஆயிற்று. மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

"எண் பார்த்து வாசிப்பது இசையே இல்லை, முறையாக நோட்டேஷன் படிக்கச் சொல்லுங்கள்" என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1507-லேயே வெனிஸில் பெட்ருச்சி என்ற அச்சகர் லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கு டேப் அச்சிட்டுவிட்டார். எந்தத் தந்தியில் எந்த இடத்தில் விரல் வைப்பது என்று காட்டும் முறை ஐந்நூறு வருடமாக இருக்கிறது. ஐந்து கோட்டில் ப என்று மட்டும் இருக்கும். 3-ஆ, -2-ஆ என்று சொல்லாது. அந்தத் தகவல் அப்பாவின் எண்களில்தான் இருந்தது.

உங்கள் நிரலில் கட்டாயம் ஒரு வழி வையுங்கள்: எந்தச் சுரத்துக்கும் கையால் எண் கொடுத்தால் நிரல் அதைத் தொடக் கூடாது, மூச்சுக் கணக்கை மட்டும் அந்த இடத்திலிருந்து தொடர வேண்டும். நான் அதைக் கடைசியில்தான் சேர்த்தேன், முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும். அப்பா தாளைப் பென்சிலோடுதான் வாங்குகிறார். அவர் திருத்தியதை அப்படியே கோப்பில் ஏற்றிவிடுகிறேன். போன வாரம் கொடுத்த பாட்டில் மூன்று இடம் மாற்றினார். அதில் இரண்டு ஏன் என்று எனக்குப் புரிந்தது. மூன்றாவதை வாசித்துக் காட்டினார், அப்போதுதான் தெரிந்தது, அங்கே பாட்டு கொஞ்சம் அழ வேண்டும். -2 என்றால் லேசாக வளைத்து இறக்கலாம், 3-இல் அது வராது.

உங்களிடம் இருப்பது மேலும் கீழும் இரண்டு வரிசைத் துளை உள்ள 24 துளை ட்ரெமலோ என்றால் மேலே சொன்ன அட்டவணை பொருந்தாது. அதில் ஒரு துளைக்கு ஊதலோ இழுப்போ ஒன்றுதான், எண் வரிசையும் வேறு. கருத்தில் சொல்லுங்கள், அப்பாவின் பழைய கருவி அதுதான், அதன் அட்டவணையும் என்னிடம் இருக்கிறது.