பிளாண்ட் ஏன் இப்ப கத்துறதில்ல? – கடிதம்

அண்ணே வணக்கம், காலேஜ் நாள்லேருந்து நான் ராபர்ட் பிளாண்ட் வெறியன். லெட் செப்பலின்ங்கிற ராக் பேண்டுல அந்த ஆள் கத்துன கத்துக்கு உடம்பே சிலிர்க்கும். இப்ப என்னடான்னா முணுமுணுன்னு கிராமத்துப் பாட்டு மாதிரி பாடுறாரு. பழைய பேண்டை சேத்து டூர் போனா உலகமே திரண்டு வருமே, ஏன் மாட்டேங்குறாரு? குரல் போச்சா?
– ஒரு வாசகர், கோவை

தம்பி, குரல் கொஞ்சம் போச்சுதான், 1948ல பொறந்த மனுஷன்ங்க, இருபது வயசுல எட்டுன உச்சியை இன்னமும் எட்டுன்னா எங்க போவாரு. ஆனா பேண்டை சேக்காததுக்கு அது காரணம்னு எனக்குத் தோணல. 1980ல டிரம்மர் ஜான் பான்ஹம் செத்ததோட செப்பலின் முடிஞ்சுது, பிளாண்டும் பான்ஹமும் செப்பலினுக்கு முன்னாடியே பேண்ட் ஆஃப் ஜாய்னு ஒரு குரூப்ல ஒண்ணா இருந்தவங்க. 2010ல ஒரு ஆல்பத்துக்கு அதே பேரை வச்சாரு பாருங்க, மறக்குற ஆளா அவரு?

2007 டிசம்பர்ல லண்டன்ல ஒரே ஒரு ராத்திரி மிச்சமிருந்த செப்பலின்காரங்க சேந்து பாடுனாங்க, பான்ஹம் பையன்தான் டிரம்ஸ். உங்கள மாதிரியே எல்லாரும் டூர் டூர்னு காத்துக்கிட்டிருக்க, இவரு அடுத்த வருஷம் அலிசன் கிராஸ் கூட கெளம்பிட்டாரு. அந்தம்மா புளூகிராஸ்னு சொல்ற அமெரிக்க கிராமத்து இசைப் பாடகி, ஃபிடிலும் வாசிப்பாங்க. நெனச்சபடி இழுத்து வளைச்சு பாடியே பழகுன மனுஷன், அறுபது வயசு நெருங்குறப்ப, இன்னொருத்தர் குரலோட ஒட்டி அளந்து பாடக் கத்துக்கிட்டாரு, இது கத்துறதைவிட கஷ்டம்ங்க. அவங்க ரெண்டு பேரும் சேந்து பாடுன 'ரைசிங் சாண்ட்' ஆல்பத்தை முதல்ல நானும் பத்து நிமிஷத்துல நிறுத்திட்டேன், தூக்கம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். 2009ல அதுக்கு வருஷத்தின் சிறந்த ஆல்பம்னு கிராமி கெடைச்சப்பகூட என்னத்தடா கண்டாங்கன்னுதான் நெனச்சேன்.

(ஒரே எடத்துல நிக்குற ஆளு எப்பவுமே இல்ல, செப்பலினோட 'காஷ்மீர்' பாட்டையே மொராக்கோ பாலைவன ரோட்டுல வண்டி ஓட்டிட்டுப் போறப்பதான் எழுத ஆரம்பிச்சாரு, அப்ப காஷ்மீர் பக்கம் போனதே இல்ல.)

ஒண்ணு பண்ணுங்க. 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்'னு ஒரு பாட்டு, 1998ல செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் கூட பண்ணது, அதையே ரைசிங் சாண்ட்ல வேகத்தைக் குறைச்சு அலிசன் கூட பாடிருப்பாரு. ராத்திரி ஹெட்போன் மாட்டி ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. அப்பவும் முணுமுணுப்புன்னுதான் தோணுச்சுன்னா இன்னொரு கடிதம் போடுங்க, திட்டியே எழுதுங்க, போடுறேன்.