கீழ்ப் பல் செட் மட்டும் ஏன் எழும்புகிறது?

கேள்வி: என் வயது 66. எல்லாப் பற்களையும் எடுத்த பிறகு, மேலும் கீழும் முழுப் பல் செட் பொருத்திப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மேல் செட் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. கீழ் செட்டோ பேசும்போதே எழும்பிவிடுகிறது. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, பேச்சு குழறுகிறது, கீழ் ஈறில் ஓரிடத்தில் புண்ணும் வந்துவிட்டது. உறுத்தும் இடத்தை உப்புத்தாளால் நானே தேய்த்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். நீங்கள் தேய்க்கும் இடமும் உண்மையில் அழுத்தும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தேய்த்துப் போனதைத் திரும்ப வைக்கவும் முடியாது. மருத்துவர் செட்டின் உட்புறத்தில் ஒரு பசையைத் தடவி, வாயில் வைத்து அழுத்தி எடுத்து, பசை விலகிய இடத்தை மட்டும் துளித்துளியாகக் குறைப்பார். வலிக்கிறதென்று கழற்றி வைத்திருந்தாலும், அவரிடம் செல்வதற்கு முன் சில மணி நேரமாவது செட்டை அணிந்திருங்கள்; ஈறில் சிவந்த தடம் தெரிந்தால்தான் அவரால் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியும். சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மட்டும் சாதாரணமாக எண்ணிவிடாமல் மீண்டும் காட்டுங்கள்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்வதால், இடையிலுள்ள மெல்லிய எச்சில் படலமும் காற்றுப் புகாத விளிம்பும் சேர்ந்து அதைப் பிடித்து வைக்கின்றன. கீழ் செட்டோ குதிரை லாடம் போன்றது. அது உட்காரும் இடமும் குறைவு, நாக்கு அதை ஓயாமல் தள்ளிக்கொண்டும் இருக்கும். ஆகவே அது ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாக்கும் கன்னத் தசைகளும்தான் அதைப் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். சும்மா இருக்கும்போது நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் உட்புறத்தை மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். நாக்கைப் பின்னுக்கு இழுத்தால் செட் உடனே கிளம்பிவிடும். உணவைச் சிறு துண்டுகளாக்கி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். முன்பல்லால் கடித்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

புதிய பொருளை வாய் உணவென்று எண்ணுவதால்தான் எச்சில் ஊறுகிறது. அது நாளடைவில் தானாகவே குறையும். பேச்சுக்கு, தினமும் சற்று நேரம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள் (வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்).

இன்னொன்று: பற்களை எடுத்த முதல் ஆண்டில்தான் தாடை எலும்பு வேகமாகக் குறுகும். இன்று சரியாகப் பொருந்தும் செட் சில மாதங்களில் தளர்ந்தால், அது செய்தவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. உட்புறத்தில் புதிய பூச்சுக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: பல் செட்டை டூத்பேஸ்ட்டால் தேய்க்கலாமா? இரவில் போட்டுக்கொண்டே தூங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். டூத்பேஸ்ட்டில் உள்ள பொடி, செட்டின் அக்ரிலிக்கில் (ஒருவகைப் பிளாஸ்டிக்) நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அவற்றில் கறையும் கிருமியும் தங்கும். மென்மையான பிரஷும் மிதமான சோப்பும் போதும். கைதவறினாலும் உடையாதிருக்க, கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்கள். கொதிநீர் பட்டால் செட் கோணிவிடும். இரவு முழுவதும் அணிந்திருந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரக்கூடும் என்பதால், கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஈறையும் நாக்கையும் மெல்லிய பிரஷால் துடைத்துவிட்டுத் தூங்கச் செல்லுங்கள்.