வாசகர் கேள்வி – பதில்: மீண்டும் கூடிய மூவர்

கேள்வி: பிரிந்துபோன ராக் இசைக்குழுக்கள் பல ஆண்டுகளுக்குப் பின் ஒன்றுகூடி வெளியிடும் ஆல்பங்கள் பெரும்பாலும் பழைய பெயரை வைத்துப் பணம் பார்ப்பதாகவே இருக்கின்றன. விதிவிலக்கு ஒன்றையாவது காட்ட முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: அமெரிக்கக் குழுவான டைனோசர் ஜூனியர் 2007 மே மாதம் வெளியிட்ட ‘பியாண்ட்’ ஆல்பத்தைத் தயங்காமல் சொல்வேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கல்லூரிகளால் பெயர்பெற்ற ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் 1984இல் உருவான குழு அது. கிதாரும் குரலும் ஜே மாஸ்கிஸ், பேஸ் கிதார் லூ பார்லோ, டிரம்ஸ் மர்ஃப். இம்மூவரும் சேர்ந்து செய்த முந்தைய ஆல்பமான ‘பக்’ வெளிவந்தது 1988இல். இடையே ஓடியவை 19 ஆண்டுகள். அந்த இடைவெளிக்காக வருந்துவதாகவோ விளக்கம் தருவதாகவோ ‘பியாண்ட்’ தொடங்கவில்லை. மற்றவர்கள் பாட்டின் நடுவில் வைக்கும் கிதார் சோலோ, இதில் முதல் பாட்டின் முதல் நொடியிலேயே வந்து விழுகிறது. அந்தப் பாட்டின் தலைப்புக்கு ‘ஏறக்குறைய தயார்’ என்று பொருள் என்பது தனி வேடிக்கை.

கேள்வி: அவர்கள் பிரிந்தது ஏன்? மனக்கசப்பு தீர்ந்துதான் மீண்டும் சேர்ந்தார்களா? (வாசகி, மதுரை)

பதில்: பேச வேண்டியதைப் பேசாமல் விட்டதுதான் பிரிவுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. பள்ளிப் பருவத்தில் வேறொரு குழுவில் மாஸ்கிஸ் டிரம்ஸும் பார்லோ கிதாரும் வாசித்த காலம் தொட்டே இருவரும் சேர்ந்திருந்தவர்கள். மாஸ்கிஸ் வாய் திறப்பதே அபூர்வம். பார்லோவோ எல்லாவற்றையும் மனத்தில் போட்டுப் புழுங்குபவர். கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், பார்லோ வேண்டுமென்றே இரைச்சல் எழுப்பியதால் எரிச்சலடைந்த மாஸ்கிஸ், மேடையிலேயே கிதாரால் அவரை அடித்தார். 1989இல், குழு கலைந்துவிட்டது என்று பார்லோவிடம் சொல்லிவிட்டு, மற்ற இருவரும் வேறொருவரைப் பேஸுக்குச் சேர்த்துக்கொண்டு இசைப்பயணத்தைத் தொடர்ந்தார்கள். பார்லோவும் சும்மா இருக்கவில்லை. தம்முடைய செபடோ குழுவின் ஆல்பத்தில் மாஸ்கிஸைக் குறிவைத்தே ஒரு பாட்டு எழுதினார்.

‘பக்’ ஆல்பத்தில் பார்லோ எழுதிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கடைசிப் பாட்டை மட்டும் அவர் பாடுகிறார். பாடுகிறார் என்பதைவிடக் கத்துகிறார் என்பதே சரி. என்னை ஏன் உனக்குப் பிடிக்கவில்லை என்று கேட்கும் ஒரே வரியைத் தொண்டை கிழியத் திரும்பத் திரும்பக் கத்த வேண்டும். அதை எழுதிக் கொடுத்தவர் மாஸ்கிஸ். இதை நினைவில் வைத்துக்கொண்டு ‘பியாண்ட்’டைக் கேட்டால், அதன் 11 பாடல்களில் இரண்டு பார்லோ எழுதிப் பாடியவை என்ற தகவல் சாதாரணமாகத் தோன்றாது. அதுவும் அந்த ஆல்பம் பதிவானது ஆம்ஹர்ஸ்டில் மாஸ்கிஸின் வீட்டு ஸ்டூடியோவில். முதல் மூன்று ஆல்பங்களின் மறுவெளியீட்டை ஒட்டி 2005இல் மேடை நிகழ்ச்சிகளுக்காகத்தான் மூவரும் சேர்ந்தார்கள். கசப்பு முழுவதும் கரைந்ததா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் மனமுவந்து வாசிப்பதைக் காதால் கேட்க முடிகிறது.

கேள்வி: அந்த ஒரு ஆல்பத்தோடு நின்றுவிட்டார்களா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. 2009, 2012, 2016, 2021 என்று தொடர்ந்து வெளியிட்டார்கள், அதே மூவர். 2009இல் வந்த ‘ஃபார்ம்’ ஆல்பத்தின் ஐரோப்பியக் குறுந்தகடுகளில், தயாரிப்பின்போது நேர்ந்த பிழையால் ஒலி 3 டெசிபல் கூடிப்போய்விட, வெளியீட்டாளர்கள் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. மேடையில் ஆளுயர மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கி நடுவில் நின்று வாசிக்கும் மாஸ்கிஸுக்கு அந்த 3 டெசிபல் உறைத்திருக்குமா என்பது எனக்கு இன்றும் சந்தேகமே.