மத்திய தரைக்கடல் ஊருக்கு விடுமுறை: வெயிலைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மத்திய தரைக்கடல் ஓரமாக நல்ல வெயில் அடிக்கும் சின்ன ஊர் ஒன்றில் மே மாதம் குடும்பத்தோடு விடுமுறையைக் கழிக்க ஆசை. எந்த ஊர், எப்படித் திட்டமிடுவது?

"நல்ல வெயில் அடிக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். வெயிலுக்காக நம்மூர்க்காரர் யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. லண்டன்காரரும் பெர்லின்காரரும் வெயில் தேடிப் போவதற்கு எழுதிய பட்டியலைப் படித்துவிட்டு நாமும் மே மாதத்துக்கு டிக்கெட் போடுகிறோம். போய் இறங்கினால் வெயில் இருக்கும், வானம் நீலமாக இருக்கும். பிள்ளைகள் கடலில் கால் வைத்த அடுத்த நொடி கத்திக்கொண்டு கரைக்கு ஓடிவருவார்கள். இத்தாலியின் தீவான சிசிலியின் வடகரையில் மே மாதத் தண்ணீர் 18, 19 டிகிரிதான். அதே மாதம் சென்னைக் கடல் 29ஐத் தொடும். சிசிலியில் ஜூன் பாதியில் 22, ஜூலையில் 25, ஆகஸ்ட்டில் 26 அல்லது 27. கடல் மெல்லச் சூடாகும், மெல்லத்தான் ஆறும். அதனால் செப்டம்பர் கடைசியிலும் 24, 25 நிற்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன், மே மாதம் என்றாலே அதுதானே. அப்படியானால் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையோடு நாலைந்து நாள் லீவு சேர்த்துப் போங்கள். தண்ணீர் இதமாக இருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும், இத்தாலியப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். ஆகஸ்ட் 15 ஒட்டிய இரண்டு வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்நாட்டின் பாதி சனம் கடற்கரையில்தான் இருக்கும்.

ஊர் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: சிசிலியின் தலைநகர் பலேர்மோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள செஃபலூ. ஏன் இத்தாலியின் அமால்ஃபி இல்லை, கிரேக்கத் தீவு சாண்டோரினி இல்லை என்று கேட்க ஆள் வருவார்கள். அழகில் குறை சொல்லவில்லை. ஆனால் அமால்ஃபிக் கரையில் ரயில் கிடையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். சாண்டோரினியின் புகைப்படங்களில் தெரியும் வெள்ளை வீடுகள் பாறை உச்சியில் இருக்கின்றன, கடல் கீழே எங்கோ. பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். செஃபலூவில் ஊரை ஒட்டியே மணற்கரை, பத்து நிமிட நடையில் ரயில் நிலையம், கார் தேவையே இல்லை. கார் எடுத்தால்தான் தொல்லை: பழைய ஊருக்குள் வெளி வண்டி நுழைந்தால் கேமரா பிடிக்கும், சில மாதம் கழித்து வாடகை கம்பெனி வழியாக அபராதம் வீடு தேடி வரும்.

"கடல் பார்க்க இத்தாலி எதற்கு, மெரினா போதாதா" என்பவருக்கும் முன்கூட்டியே பதில். பார்ப்பதற்கு மெரினா போதும். குளிக்க அங்கே தடை, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழமும் இழுப்பும். கேள்வி கேட்டவர் இறங்கி நீந்தத்தானே கேட்கிறார்.

விசா. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள், இத்தாலியும் அதில் ஒன்று. எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. வேறொரு நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறது என்று அங்கே வாங்கிக்கொண்டு இத்தாலியில் போய் உட்காருவது வம்பு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். செப்டம்பர் பயணத்துக்கு மே, ஜூனிலேயே போடுங்கள். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்கு 45, ஆறுக்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, திரும்பும் நாளையும் சேர்த்து. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது பேங்க் ஸ்டேட்மென்டில். விண்ணப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது மாமனாரிடம் வாங்கி ஐந்து லட்சம் போட்டால், அந்த ஒற்றை வரவுதான் அதிகாரி கண்ணில் முதலில் படும். மாதாமாதம் சம்பளம் வந்து செலவாகி நிற்கும் சாதாரணக் கணக்குக்கே மதிப்பு அதிகம். விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையாகவே எடுத்து வையுங்கள்.

விமானம் சென்னையிலிருந்து பலேர்மோ வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். ரோம் வரை ஒன்று, அங்கிருந்து மலிவு விமானம் என்று இரண்டாகப் பிரித்தால் ரோமில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்கள் நஷ்டம். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் ஐரோப்பாவில் முதலில் இறங்கும் இடத்தில் மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள். 2025 அக்டோபரில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படம் எடுத்துப் பதியும் முறை தொடங்கியிருக்கிறது, வரிசை நீளும்.

ரோம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் ஒரு வழி உண்டு. ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து சிசிலி போகும் இரவு ரயில் செஃபலூவிலேயே நிற்கும். தூங்க பெர்த் உண்டு. இத்தாலிப் பெருநிலத்தின் நுனியில் உள்ள வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, மெஸ்ஸினா நீரிணையைக் கடந்து, அக்கரையில் மறுபடி கோப்பார்கள். அந்தக் கால தனுஷ்கோடி போட் மெயிலில் பயணி இறங்கிக் கப்பல் ஏறினார். இங்கே ரயிலே ஏறுகிறது. பிள்ளைகளை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள், பெட்டி எண்ணை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பலேர்மோ விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் வரும். நகரின் சென்ட்ரலே நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், அங்கே மாறி செஃபலூவுக்கு இன்னொரு முக்கால், ஒரு மணி. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கினால் "செக்-இன்" அழுத்த வேண்டும். இரண்டும் செய்யாமல் உட்கார்ந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம். வெளியூர்க்காரர் அதிகம் மாட்டுவது இதில்தான்.

வீடு. விளம்பரத்தில் "சின்" என்ற தேசியப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், 2025 ஜனவரி முதல் அது கட்டாயம். வீட்டுக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டால் பயப்படாதீர்கள், தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்புவது அவர் கடமை. தங்கல் வரியைப் பெரும்பாலும் கையில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

இனி யாரும் எழுதாத ஒன்று. இத்தாலிய வீடுகளுக்கு மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். ஏசி ஆயிரம் வாட், கீசர் 1,200, ரைஸ் குக்கர் 700, அதோடு டீ போட 2,000 வாட் கெட்டிலைத் தட்டினால் வீடே இருண்டுவிடும். அப்போது முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள். கதவருகே உள்ள பெட்டியில் சுவிட்சு இறங்கியிருந்தால் ஏற்றுங்கள். அது ஏறியே இருந்தால் ட்ரிப் ஆனது கீழே தெருவாசலில் உள்ள மீட்டர். அதை "கொந்தாதோரே" என்பார்கள். சில கட்டடங்களில் அந்த அறை பூட்டியிருக்கும். எனவே சாவி வாங்கும்போதே மீட்டர் எங்கே, எத்தனையாவது என்று கேட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வைஃபை பாஸ்வேர்டைவிட இது முக்கியம். அலுமினியக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் சூடே ஏறாது. நம் இரண்டு முள் போன் சார்ஜர் பெரும்பாலும் அங்கே பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது. குளியலறையில் தண்ணீர் வசதி இருக்குமா என்ற நம் நிரந்தரக் கவலைக்கு இத்தாலியில் இடமில்லை. கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் கால் கழுவ "பிடே" என்ற தொட்டி வைக்க வேண்டும் என்று 1975லேயே அரசாணை போட்டுவிட்டார்கள்.

சமையலறை உள்ள வீடு எடுத்தால் காசு மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். காசு மிச்சம்தான். ஆனால் அங்கே போயும் காலையில் உப்புமா, மத்தியானம் சாம்பார், ராத்திரி தோசைக்கு மாவு கிடைக்குமா என்று ஒருத்தியே அடுப்படியில் நின்றால் விடுமுறை யாருக்கு? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள், இருக்கட்டும். ஒரு வேளைக்கு மேல் வீட்டில் சமைக்காதீர்கள். தயிர்சாதத்துக்குத் தயிர் வாங்கும்போது டப்பாவில் "பியாங்கோ" (வெறும் தயிர்) என்றும் "சென்சா சுக்கெரி" (சர்க்கரை இல்லாதது) என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் இனிப்புத் தயிரில் தாளித்துக்கொண்டிருப்பீர்கள்.

சைவக்காரருக்குச் சிசிலி தோது. கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா, கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாக வதக்கிய கபொனாத்தா, கடலைமாவை வேகவைத்து வில்லை போட்டுப் பொரித்த பனெல்லே. கடைசியாகச் சொன்னதை ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள், நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. "கொன் லெ சார்தெ" என்றிருந்தால் மத்தி மீன். மத்தியானம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழரைக்குத்தான் திறப்பார்கள். பில்லில் "கொபெர்த்தோ" என்று தலைக்கு இரண்டு, மூன்று யூரோ இருந்தால் அது ஏமாற்று அல்ல, இருக்கைக் காசு.

மிளகாய்த்தூளும் புழுங்கலரிசியும் வேண்டுமென்றால் பலேர்மோவுக்கு ரயிலேறுங்கள். அங்கே ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள், பல்லாரோ சந்தைப் பக்கம் நம் சாமான் விற்கும் கடைகளைப் பார்க்கலாம். 1624 கொள்ளைநோயில் ஊரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் பெல்லெக்ரினோ மலைக் குகைக்கோவிலுக்கு, இந்துத் தமிழர்களும் நேர்ந்துகொண்டு ஏறுகிறார்கள்.

கடற்கரையில் குடையும் சாய்வுக் கட்டிலும் போட்ட பகுதிகள் தனியார் குத்தகை. ஒரு குடை, இரண்டு கட்டிலுக்கு சீசனில் நாளுக்கு 25லிருந்து 40 யூரோ, முன்வரிசை இன்னும் கூட. இலவசப் பகுதியும் உண்டு, பத்து மணிக்குள் போனால் இடம் கிடைக்கும். அலை விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் எல்லோருக்கும் பொது நடைவழி, அங்கே துண்டு விரிக்கக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள். வடமேற்குக் காற்று அடித்தால் பெரிய கரை கொந்தளிக்கும், அன்று ஊரை ஒட்டி நிற்கும் பெரிய பாறைக்குக் கிழக்கே கல்தூரா பக்கம் அமைதியாக இருக்கும். அங்கே கல் அதிகம், கடல் முள்ளெலியும் உண்டு, ரப்பர் காலணி வேண்டும். ஜெல்லிமீன் தீண்டினால் கடல் நீரால்தான் கழுவ வேண்டும், குழாய்த் தண்ணீர் விட்டால் எரிச்சல் கூடும்.

ஊருக்கு மேலே நிற்கும் லா ரொக்கா பாறை ஏறத்தாழ 270 மீட்டர். காலையிலேயே ஏறுங்கள், செருப்போடு வேண்டாம், கற்கள் தேய்ந்து வழுக்கும். கீழே 1131இல் இரண்டாம் ரொஜெர் மன்னர் தொடங்கிய தேவாலயத்தில் பொன்னிழைத்த கிறிஸ்து உருவம். கையில் விரித்த நூலில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். தோளை மூடிக்கொண்டு போங்கள்.

காலை ஏழு மணி விமானம் என்றால் கடைசி இரவைப் பலேர்மோவில் கழியுங்கள், செஃபலூவிலிருந்து ரயில் எட்டாது. ரயில் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் வாரநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும், அதற்குள் நகர்ந்துவிடுங்கள்.

மே மாத டிக்கெட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பிள்ளைகளுக்கு நீச்சல் கடையில் முழுக்கை ரப்பர் சட்டை வாங்கிப் போடுங்கள், மத்தியானம் மூன்று மணிவாக்கில் இறக்குங்கள், இருபது நிமிடத்தில் வெளியே கூப்பிட்டுவிடுங்கள்.