பவளக் கல்லைக் கொதிதண்ணியில் போடலாமா?

ஹட்டன் டவுனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டு ஹோலில் நாலடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறாராம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட கல் ஒன்றில் பழுப்பு நிறத்தில் பொத்தான் பொத்தானாய் ஏதோ முளைத்து, இப்போது பக்கத்துப் பவளங்களையும் மூடப் பார்க்கிறது. விற்றவரைக் கேட்டதற்கு, "கல்லைத் தூக்கிக் கொதிதண்ணியில போடுங்க, எல்லாம் செத்துரும், அப்புறம் கல்லைத் திரும்ப வச்சுக்கலாம்" என்றாராம். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது, செய்யலாமா ஐயா என்கிறார்.

செய்யாதீர்கள் தம்பி. அந்தக் கல் அடுப்புப் பக்கமே போகக் கூடாது.

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் பாலித்தோவா என்கிற, பவளத்துக்கு உறவான ஒரு கடல் உயிரினம். இதில் பாலிடொக்சின் என்றொரு விஷம் இருக்கலாம். 1971இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள், உலகத்தில் தெரிந்த மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப் இருக்கிறது, இந்த விஷம் அதைப் பிடித்துத் திறந்துபோட்ட கதவு மாதிரி ஆக்கிவிடும். அவ்வளவு தெரிந்தால் போதும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், கொதிக்க வைத்தால் இது அழியாது என்பதுதான். ஆவியோடும் தெறிக்கிற துளியோடும் காற்றில் ஏறி மூச்சுக்குள் போகும். 2007இல் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் ஒருவர் இதே வேலையை, இதே கொதிதண்ணீரை வைத்துச் செய்துதான் நஞ்சேறிப் படுத்தார். அலாஸ்காவிலும் 2012க்கும் 2014க்கும் இடையில் வீடுகளிலும் மீன் கடைகளிலும் இப்படி நடந்து பதிவாகியிருக்கிறது. அலாஸ்கா அமெரிக்காவின் குளிர் மாநிலம். உங்கள் ஊரிலும் மார்கழி, தை என்றால் பனிக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டுதானே இருப்பீர்கள், அதனால்தான் மலைநாட்டுக்காரருக்கு இதை இரட்டிப்பாய்ச் சொல்லவேண்டியிருக்கிறது.

"நாங்க வளர்க்கிறது கலர் கலரா இருக்கே, அதுவும் விஷமா?" என்று அடுத்த கேள்வி வரும், எப்போதும் வருகிறது. சரி, சொல்கிறேன். கலராய்ச் சின்னதாய் விற்கிற, பாலித்தோவாவுக்கு உறவான ஸோவாந்தஸ் வகைகளைச் சோதித்தபோது பலவற்றில் விஷம் இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான். அது உண்மை. பாலித்தோவாவிலும் ஒன்றில் மிக அதிகம், ஒரே மாதிரி இருக்கிற இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்றுதான் வந்தது. அதுவும் உண்மை. ஆனால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் கண்ணால் பார்த்து இது அது என்று பிரிக்க எவராலும் முடியாது, நானும் பிரிக்கமாட்டேன். ஆகவே "என்னுடையது நல்ல வகை" என்பதை மறந்துவிடுங்கள். "இது தொட்டியில வளர்த்தது, கடல்ல எடுத்ததில்ல, அதனால பயமில்ல" என்று கடைக்காரர் சொல்வதையும் சேர்த்து மறந்துவிடுங்கள். எங்கே வளர்ந்தாலும் விஷம் விஷம்தான்.

தேயிலைக்கு அடிக்கிற மருந்துப் போத்தலில் மூன்று மொழியிலும் எச்சரிக்கை ஒட்டாமல் விற்க முடியாது. இதைப் பொலித்தீன் பையில் கட்டி, பெயர்கூட எழுதாமல், பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடலாம். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் அது எங்கள் வேலை இல்லை என்று அடுத்த மேசையைக் காட்டுவார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டிக்குள் தண்ணீரில் இருக்கிற வரை அது கண்ணாடியைத் தாண்டி வந்து பிள்ளையைக் கடிக்காது, அதனால் இன்றிரவே ஏதாவது செய்யவேண்டும் என்ற அவசரம் இல்லை. தொட்டிக்கு மூடி போட்டு, பிள்ளை உள்ளே கை விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மழையில்லாத ஒரு பகலில், பிள்ளையையும் நாய் இருந்தால் நாயையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குளிரட்டும், பரவாயில்லை.

முதலில் வெளியே, முற்றத்தில், மூடியுள்ள வாளி ஒன்றில் வீட்டில் பாவிக்கிற குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து வையுங்கள். அன்றைக்கே கலந்ததாக இருக்கவேண்டும், போன மாதம் கலந்து வைத்தது வீரியம் போயிருக்கும். அதில் வினிகரோ கழிவறை கழுவுகிற அசிட்டோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது வேறு வினை. நீளமான றப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடுகிற கண்ணாடி இரண்டும் கட்டாயம், ஏனென்றால் இந்தப் பொத்தான்களை அமுக்கினால் தண்ணீரைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். துணி மாஸ்க்கை நம்பி "பாதுகாப்பாச் செய்யிறேன்" என்று தைரியம் கொள்ளவேண்டாம். பம்ப்களை நிறுத்தி, சுரண்டாமல், தேய்க்காமல், உடைக்காமல் கல்லை அப்படியே தூக்கித் தொட்டித் தண்ணீர் நிரப்பிய இன்னொரு வாளியில் இறக்கி, மூடி, வெளியே கொண்டுபோய்க் குளோரின் வாளிக்குள் மெதுவாய் வையுங்கள். அரை மணி நேரம் போதும் என்பது கணக்கு, நீங்கள் இரவு முழுக்க விடுங்கள். அதன் பிறகு இரண்டு பையில் கட்டிக் குப்பைக்கு. கையுறை, துண்டு, தரையில் சிந்தியது எல்லாவற்றுக்கும் அதே குளோரின் தண்ணீர்தான், தொட்டிக்குள் மட்டும் ஒரு சொட்டும் போகக் கூடாது. தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, வடிகட்டியில் புது ஆக்டிவேட்டட் கரி போடுங்கள்.

தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்குகிற பழக்கம் நம்மாட்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. கல் வைத்த தொட்டியில் அது ஒருநாளும் கூடாது. குழாயை முழுக்கத் தண்ணீரில் நிரப்பி விரலால் அடைத்து இறக்குங்கள், அல்லது கைப்பம்ப் ஒன்று வாங்குங்கள்.

வேலை முடிந்து சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ வாயில் உலோகக் கசப்பு, நடுக்கம், காய்ச்சல், இருமல், நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு வந்தால் வீட்டிலிருக்கிற எல்லாரும் வெளியே வந்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். மாற்று மருந்து கிடையாது, அறிகுறிக்குத்தான் வைத்தியம். குளிர் ஊரில் இருமலும் காய்ச்சலும் என்றால் சளி என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதனால் "பாலிடொக்சின், பவளத் தொட்டி" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டொக்டர் கையில் கொடுங்கள்.

கல் வீணாய்ப் போகிறதே என்று விற்றவரிடம் சொன்னால், திருப்பிக் கொடுங்க, பாதிக் காசு தாறேன் என்பார். கொடுக்காதீர்கள். அடுத்த வாரமே அது பதுளை பஸ்ஸில் ஏறும்.